மேசைக்குக் கீழே

எங்கள் பெரியம்மா டிவிக்குப் பதில் வணக்கம் சொல்லுகிறவர். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனாவில் காக்கை வந்து உட்கார்ந்தால் படம் ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவிலும் தூர்தர்ஷனில் செய்தி வாசிக்கும் ஷோபனா ரவி ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அடுப்படியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து இவரும் ‘வணக்கம்’ என்பார். விளையாட்டுக்குச் செய்ததில்லை. வீடு தேடி வந்தவர் கும்பிட்டால் சும்மா நிற்பதா என்கிற கணக்கு. நாங்கள் சிரித்தால் எங்களுக்குத்தான் திட்டு விழும். ஒலியும் ஒளியும் பாட்டு நிகழ்ச்சி பார்க்கும்போது தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்கிற அதே பெரியம்மா, செய்தி தொடங்கியதும் காலை மடக்கிக்கொள்வார்.

2019 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதே வீடு, அதே சுவர். டிவி மட்டும் அகலமாகியிருந்தது. விஜய் டிவியில் பிக் பாஸ் மூன்றாவது சீசன். கமல்ஹாசன் ஒவ்வொருவராக அறிமுகம் செய்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பாத்திமா பாபு வந்தார். தூர்தர்ஷனிலும் பிறகு ஜெயா டிவியிலும் அவர் செய்தி வாசித்துக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. பெரியம்மாவின் இரண்டு கைகளும் தன்னால் மடியை விட்டு எழுந்தன. பாதியில் நின்றுவிட்டன.

“இது நம்ம செய்தி வாசிக்கிற பிள்ளைல்ல? இது இங்க என்ன பண்ணுது?”

பாத்திமா பாபு சினிமாவிலும் சீரியலிலும் எத்தனையோ வருடங்களாக நடித்துக்கொண்டிருப்பவர் என்பது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த சீரியல்களைப் பார்த்து, அவர் ஏற்ற பாத்திரங்களை வாய் நிறைய வைததும் உண்டு. அப்போதெல்லாம் எழாத கேள்வி பிக் பாஸ் வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது மட்டும் ஏன் எழுந்தது? நானும் சில வருடங்கள் ஒரு செய்தி சேனலின் டெஸ்க்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். கேள்வி என்னைத்தான் கேட்டது போல இருந்தது.

வயிற்றுப்பாடு என்று பதில் சொல்லி முடித்துவிடலாம். பொய்யும் இல்லை. கேமரா முன்னால் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் அந்தக் கோட்டைப் போல இருப்பதில்லை. ஆனால் பெரியம்மாவின் கை பாதியில் நின்றதற்கு அது காரணம் ஆகாது.

செய்தி வாசித்தவர்கள் நடிக்கப் போவது நமக்குப் புதிதும் அல்ல. பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி ஆல் இந்தியா ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் சொன்ன குரல் அவருடையது என்று இன்றும் பேசப்படுகிறது. அந்தக் காலத்து டெல்லி தமிழ்ப் பிரிவில் வாசிப்பவர்தான் மொழிபெயர்ப்பாளரும். ஆங்கிலத்தில் வருகிற தாளைத் தமிழாக்கி, மை காய்வதற்குள் மைக் முன்னால் கொண்டுபோக வேண்டும். அவர் பிறகு சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் கமல்ஹாசனின் அப்பாவாக வந்தார். யாருக்கும் உறுத்தவில்லை. புதிய தலைமுறையில் செய்தி வாசித்த பிரியா பவானி சங்கர் ‘கல்யாணம் முதல் காதல் வரை’ சீரியலுக்குப் போய், 2017இல் ‘மேயாத மான்’ படத்தில் கதாநாயகி ஆனார். அது வேலை மாற்றம். கடை மாறிவிட்டது, பலகையும் மாறிவிட்டது. ரங்கராஜ் பாண்டே ‘நேர்கொண்ட பார்வை’யில் அஜித்துக்கு எதிர்த்தரப்பு வக்கீலாக நின்றபோதும், கேள்வி கேட்கிற தோரணை அவருக்குப் பழகியதுதானே என்று மக்கள் ரசித்தார்கள். கறுப்பு அங்கி இருந்தது. வேஷம் என்பது வெளியே தெரிகிற வரைக்கும் சிக்கல் இல்லை.

(இதில் எனக்கு ஒரு தனிப் புகார் உண்டு. நிஜச் செய்தி வாசிப்பாளரே, நிஜ சேனலின் லோகோவோடு, சினிமாவில் பொய்ச் செய்தி வாசிப்பார்: வில்லன் கைது, முதல்வர் ராஜினாமா. செய்தி வாசிப்பவர் ஆடுகிறாரே என்று மற்ற எல்லாரும் கவலைப்படுகிற டான்ஸைவிட எனக்கு இதுதான் நெருடுகிறது. அங்கே வேஷம் இல்லை. அதே முகம், அதே குரல், அதே மேசை. விஷயம் மட்டும் பொய்.)

இந்த முகத்தைப் பற்றிய பயம் டிவி அளவுக்கே பழையது. பிபிசி 1954 ஜூலையில் தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது வாசிப்பவரைக் காட்டவே இல்லை. திரையில் படமும் வரைபடமும் ஓடும். குரல் மட்டும் வரும். முகத்தைக் காட்டினால் புருவம் ஏறும், உதடு கோணும், அதுவே ஒரு கருத்தாகிவிடும் என்று அஞ்சினார்கள். 1955 செப்டம்பரில் போட்டிக்கு ஐடிஎன் என்ற செய்தி நிறுவனம் வருகிறது, அது ஆட்களை முன்னிறுத்தப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் வாசிப்பாளர் கென்னத் கெண்டாலின் முகம் திரைக்கு வந்தது. அதாவது, செய்திக்கு முகம் வைத்ததே வியாபாரப் போட்டிதான். முகம் வந்துவிட்டால் ரசிகர் வருவார், ரசிகர் வந்துவிட்டால் மேடை வரும். பிக் பாஸ் வீட்டின் வாசல்படி அன்றைக்கே கட்டியாகிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றும்.

பெயர் வந்த கதை இன்னும் சுவையானது. பிபிசி வானொலியில் வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1940இல் ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்து, நிலையத்தைப் பிடித்து, பொய்ச் செய்தி வாசித்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் ‘இதை வாசிப்பது இன்னார்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். குரலைப் பழக்கிவைத்தால், போலிக் குரல் வந்தால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்று காலையில் டீக்கடை ரேடியோ சொன்னதைக் கேட்டு வளர்ந்த நாம் அதைப் பெருமைக்குச் சொல்வதாக நினைத்திருப்போம். முதலில் அது தபால் முத்திரை மாதிரி ஒரு காவல். 1941இல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்கிற வானொலிக் கலைஞரை, யார்க்‌ஷர் பக்கத்துப் பேச்சு வாடையோடு, பிபிசி செய்தி வாசிக்க வைத்தது. அந்த உச்சரிப்பை எதிரியால் போலி செய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். கேட்டவர்கள் புகார் எழுதிக் குவித்தார்கள். செய்தி பொய் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு வாடையில் சொன்னால் நம்பும்படி இல்லையாம்.

முப்பத்தைந்து வருடம் கழித்து அதே பிபிசியில் நடந்ததை, காணொளியாக, எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. 1976 கிறிஸ்துமஸ். மோர்கம், வைஸ் என்ற இரட்டையரின் நகைச்சுவை நிகழ்ச்சி. ஆஞ்சலா ரிப்பன் அன்றைக்கு ஒன்பது மணிச் செய்தியின் முகம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கமான முகத்தோடு வாசிக்கத் தொடங்குகிறார். இசை எழும்புகிறது. அவர் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறார். நீளப் பாவாடை விலக, கால் தலை உயரத்துக்கு எழும்புகிறது. அந்தச் சிரிப்பலையில் ஒரு திடுக்கிடல் இருக்கிறது: இந்த அம்மாவுக்குக் கால் இருக்கிறதா! ஒரு தேசமே ராத்திரிதோறும் பார்த்த பெண்ணை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறது.

எங்கள் ஸ்டூடியோவிலும் அப்படித்தான். மேலே டை, கோட்டு. கீழே சாயம்போன ஜீன்ஸ், ரப்பர் செருப்பு. ஃப்ரேமுக்குள் வராததற்கு யார் இஸ்திரி போடுவது?

ரிப்பன் அந்த நடனத்துக்குப் பிறகும் வருடக்கணக்காகச் செய்தி வாசித்தார். யாரும் நம்பாமல் போகவில்லை. 2023இல் எழுபத்தெட்டு வயதில் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ போட்டியில் இறங்கி மறுபடியும் காலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் போட்டியின் முதல் சீசனில், 2004இல், ஜெயித்தவரே நடாஷா கப்ளின்ஸ்கி என்ற செய்தி வாசிப்பாளர்தான். ஆடினால் நம்பகம் போய்விடும் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. நடனத்தில் ‘இது நடந்தது’ என்ற பேச்சே இல்லை. கால் உயர்ந்தது, அவ்வளவுதான். அதில் மெய் ஏது, பொய் ஏது.

விழுந்தவர் ஆடியவர் அல்ல. அமெரிக்காவில் என்பிசி இரவுச் செய்தியின் பிரையன் வில்லியம்ஸ் வேடிக்கை நிகழ்ச்சிகளின் செல்லப்பிள்ளை. 2007இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியையே தொகுத்து வழங்கினார். ஜிம்மி ஃபாலனோடு சேர்ந்து செய்தியைப் பாட்டுப் போல வாசித்துச் சிரிக்க வைத்தார். அதெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை. 2013இல் டேவிட் லெட்டர்மேனின் சோபாவில் உட்கார்ந்து, 2003 இராக் போரில் தான் போன ஹெலிகாப்டர் சுடப்பட்டதாக ஒரு கதை சொன்னார். சுடப்பட்டது வேறு ஹெலிகாப்டர். 2015 ஜனவரியில் அதே கதை செய்தி மேசைக்கே வந்தது. அன்று போர்முனையில் இருந்த சிப்பாய்கள் மறுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்; ஆறு மாதம் சம்பளமில்லாத தற்காலிக நீக்கம்; அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த சோபாதான் என்னை யோசிக்க வைக்கிறது. கேளிக்கை நிகழ்ச்சி விருந்தாளியிடம் ஆட்டத்தையோ பாட்டையோ கேட்பதோடு நிற்பதில்லை. ‘உங்க கதையைச் சொல்லுங்க’ என்று கேட்கிறது. செய்தி மேசை அவரிடம் ஒருநாளும் கேட்காதது அது ஒன்றுதான். சோபாவில் ஒரு கதை கொஞ்சம் வளர்ந்தால் சிரிப்பு கொஞ்சம் கூடும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஊர்த் திண்ணையில் இதைப் புளுகு என்று சொல்லி ரசித்துவிட்டு எழுந்து போவோம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற வாய் அது.

பிக் பாஸ் வீட்டிலும் சோபா உண்டு. கன்ஃபெஷன் ரூம் என்று தனி அறையே உண்டு. பாத்திமா பாபு அந்த சீசனில் முதல் ஆளாக வெளியே வந்தார். பெரியம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. ஆனால் உள்ளே இன்னொரு செய்தி வாசிப்பாளர் இருந்தார். இலங்கை சக்தி டிவியிலிருந்து வந்த லாஸ்லியா. கடைசி நாள் வரை இருந்து மூன்றாம் இடம் பிடித்தார். ‘ஃப்ரீஸ்’ டாஸ்க்கில் போட்டியாளர்கள் சிலையாக நிற்க, குடும்பத்தார் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். லாஸ்லியாவின் அப்பா வந்தார். வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருந்த மனிதர். மகள் அவரைப் பல வருடமாக நேரில் பார்க்கவில்லை. மகள் உடைந்து அழ, அவர் உள்ளே நடந்தவற்றுக்காகக் கடிந்துகொண்டார். ஈழத்துக் குடும்பங்களில் பிரிவு என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு அது எத்தனை பாரமான நிமிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னணி இசையோடு அது ஓடியது. விளம்பர இடைவேளைக்குப் போய்த் திரும்பி வந்தும் ஓடியது. அடுத்த நாள் எல்லாச் சேனலிலும், யூடியூப் முழுக்கவும், அந்த மகளின் கண்ணீரை வேறு யாரெல்லாமோ வாசித்தார்கள்.

எங்கள் டெஸ்க்கில் ஒரு வழக்கம் இருந்தது. இழவு வீட்டில் எடுத்த பேச்சுத் துண்டு, எங்கள் மொழியில் பைட், வந்தால் அழுகையைச் சில விநாடிகளில் வெட்டிவிடுவோம். ‘தெரிஞ்சுபோச்சுல்ல, போதும்’ என்பார் எங்கள் சீனியர். எல்லாச் சேனலும் வெட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும். அழுகைக்கு வயலின் சேர்த்து அரை நாள் ஓட்டுகிறவர்கள் செய்திச் சேனல்களிலேயே உண்டு. அவர்கள் எந்தக் கேளிக்கை நிகழ்ச்சிக்கும் தனியாகப் போக வேண்டியதில்லை.

2020 அக்டோபரில் நான்காவது சீசன். சன் செய்தியில் வாசித்த அனிதா சம்பத் போனார். முதல் நாள்களிலேயே, செய்தி வாசிப்பவர்கள் வணக்கம் சொல்வதைப் பற்றி சகபோட்டியாளர் ஒருவர் நக்கலாகச் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குத் தைத்துவிட்டது. அந்தப் பஞ்சாயத்து நாள்கணக்கில் நீண்டது. இதற்குப் போய் இத்தனை கோபமா என்று ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் அவர்கள் தாங்களாகச் சொல்வது. மற்றதெல்லாம் ப்ராம்ப்டரில் ஓடுகிற, வேறு யாரோ எழுதிய, வேறு யாருக்கோ நடந்த விஷயம்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண் இருந்தாள். இரவு பதினொரு மணி புல்லட்டினும் காலை ஆறு மணி புல்லட்டினும் அவளுடையவை. ஒரு நாள் பள்ளி வேன் ஒன்று லாரியில் மோதிய செய்தி. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரிப்போர்ட்டர் இறந்த பிள்ளைகளின் பெயர்களை போனில் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருந்தேன். புல்லட்டினுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அவள் ஸ்டூடியோவிலிருந்து எழுந்து, காதில் தொங்குகிற இயர்பீஸோடு டெஸ்க்குக்கு வந்துவிட்டாள்.

“அண்ணா, இந்த மூணாவது பேரு… ‘ஷ’வா, ‘ச’வா?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா, வாசி.”

“இல்லண்ணா. அவங்க வீட்ல கேட்டுட்டு இருப்பாங்க.”

ரிப்போர்ட்டருக்கு மறுபடி போன் போட்டோம். அவர் யாரிடமோ கேட்டுச் சொன்னார். ‘ஷ’. அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடினாள். வாசித்தாள். ஐந்து பெயர், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு அளவு இடைவெளி. குரல் எங்கேயும் கம்மவில்லை. இடைவேளை விழுந்ததும் கட்டுப்பாட்டு அறை மானிட்டரில் பார்த்தேன். மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். ஒலி இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மேக்கப் அக்கா ஓடிப்போய்க் கண்ணுக்குக் கீழே ஒற்றினார். டாக்பேக்கில் ‘இருபது செகண்ட்’ என்றார்கள். நிமிர்ந்தாள். அடுத்தது விளையாட்டுச் செய்தி.

தந்தி இருந்த காலத்தில் அதைக் கொண்டுவருகிற ஆளை எங்கள் ஊரில் தூரத்தில் பார்த்தாலே தெருவுக்கு அடிவயிறு கலங்கும். அவருக்கு உள்ளே இருப்பது தெரியும். தெரியாத மாதிரி சைக்கிளை ஸ்டாண்டு போடுவார். ‘கொஞ்சம் உக்காருங்க ஆத்தா’ என்று மட்டும் முதலில் சொல்லுவார். அவர் அழுதிருந்தால் அந்த வீட்டுக்காரி தன் அழுகையை நிறுத்திவிட்டு அவருக்கல்லவா தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அழுகிற உரிமையை அவர் அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெண் மேசைக்குக் கீழே குனிந்ததும் அதே கணக்குத்தான். அவளுக்குத் துக்கம் இல்லாமலில்லை. முதல் துக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

2024 மே மாதம் டிடி கிசான் இரண்டு செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர்களைக் கொண்டுவந்தது. கிரிஷ், பூமி என்று பெயர். தூங்காமல் வாசிப்பார்களாம், ஐம்பது மொழிகளில் பேசுவார்களாம். எந்த ரியாலிட்டி ஷோவுக்கும் போக மாட்டார்கள். கால் கிடையாது, அப்பா கிடையாது, சொல்லிப் பெரிதாக்க ஒரு கதையும் கிடையாது. முகத்துக்குப் பயந்த 1954ஆம் வருடத்து பிபிசி அதிகாரிகள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். நான் பார்த்தேன். உச்சரிப்பு பரவாயில்லை. புருவம் அசையவில்லை. ஆனால் அசையாமல் வைத்திருக்க அங்கே எதுவும் இல்லை. அடக்கிக்கொள்ள ஒன்றும் இல்லாத முகத்தின் அமைதியை எதற்காக நம்புவது? மேசைக்குக் கீழே கால் இருக்கிறது, குனிந்து அழ ஓர் ஆள் இருக்கிறது என்பதால்தான் மேசைக்கு மேலே இருக்கிற அந்த நிதானத்துக்கு விலை. ரிப்பனின் கால் அந்த நிதானத்தைக் குறைக்கவில்லை. உள்ளே ஓர் ஆள் இருப்பதற்கு அது சாட்சி சொன்னது. பிக் பாஸ் வீடு கேட்பது காலை அல்ல. அந்தக் குனிந்த தலையை நிமிர்த்திக் காட்டு என்கிறது.

அந்தப் பெண்ணும் ஒரு பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் ஆடினாள். செய்திப் பிரிவுக்கும் சீரியல் பிரிவுக்கும் கலகலப்பாக ஒரு போட்டி. மஞ்சள் பட்டுச் சேலையில் உறியடித்தாள், பானையைத் தவறவிட்டுப் பக்கத்தில் நின்ற நடிகரின் முதுகில் ஒன்று வைத்தாள், ஒரு குத்துப்பாட்டுக்குப் பாதி ஆடிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். நான் ஊரில் இருந்தேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தூணில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இந்தக் குட்டி நல்லா ஆடுதுடா” என்றார்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். விடிவதற்கு முன்பே எழுந்து கொட்டிலைக் கழுவி, கொம்புக்கு வர்ணம் குழைத்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் டிவியைப் போட்டேன். ஆறு மணி. அதே முகம், பட்டுச் சேலை போய்ச் சாம்பல் நிறக் கோட்டு. தூக்கம் இல்லாதது கண்ணுக்குக் கீழே எனக்குத் தெரிந்தது, மேக்கப் அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

“வணக்கம்” என்றாள்.

பெரியம்மா கையில் ஒட்டியிருந்த காவியை முந்தானையில் துடைத்தார்.